ஏரியைச் சுத்தம் செய்தும் மூன்றே வாரத்தில் பழையபடி குப்பை: விழிப்புணர்வை எப்படி உண்டாக்குவது?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு வந்து படிப்பவர்களுக்கும் புரியட்டும். திருவண்ணாமலை மாவட்டத்தில் ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பிள்ளைகள் பன்னிரண்டு பேர், எல்லாரும் சென்னையில் வேலை பார்ப்பவர்கள், மாதம் ஒருமுறை ஊருக்கு வந்து ஏரிக்கரையில் குப்பை பொறுக்குகிறார்கள். மூன்று வாரத்தில் அதே இடத்தில் அதே குப்பை. "மக்களுக்கு விழிப்புணர்வே இல்லை, அதை எப்படி உண்டாக்குவது, பேரணி போகலாமா, பள்ளியில் போட்டி வைக்கலாமா" என்று அவர்களில் ஒருவர் கேட்கிறார். எனக்கு இதில் இரண்டு கேள்வி கேட்கிறது. குப்பை ஏன் திரும்ப வருகிறது என்பது ஒன்று. மாதத்தில் ஒரு நாள் தலைகாட்டும் பன்னிரண்டு பேர் சொல்வதை ஊர் எதற்குக் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதை அவர் கேட்கவில்லை. ஆனால் அதற்கு வழி தெரியாமல் முதலாவது தீராது.

நான் சிவகங்கைப் பக்கம் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். தேசிய பசுமைப் படை என்ற சுற்றுச்சூழல் மன்றம் பள்ளிகளுக்கு வந்த காலத்திலிருந்து அதற்குப் பொறுப்பாசிரியர் வேலையும் என் தலையில்தான். நீங்கள் ஏரி என்பதை நாங்கள் கண்மாய் என்போம், மற்றபடி கதை ஒன்றுதான். நான் வழக்கறிஞர் இல்லை, பொறியாளரும் இல்லை. நான் பார்த்ததெல்லாம் கிராம ஊராட்சி. பேரூராட்சி, நகராட்சி என்றால் நடைமுறை நிறைய மாறும், அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் இந்த "விழிப்புணர்வு இல்லை" என்ற பேச்சை விட்டுவிடுங்கள். குப்பையை ஏரியில் போடக்கூடாது என்று தெரியாத ஆள் உங்கள் ஊரில் ஒருவரும் இருக்க மாட்டார். எங்கள் கண்மாய்க்கரையில் நாங்களும் இரண்டு வருடம் பேரணி, கோஷம், மஞ்சப்பை விநியோகம் எல்லாம் செய்தோம். ஒரு நாள் ஒரு அம்மா வாளியோடு வந்தவர் என்னிடம் நின்று சொன்னார்: "வண்டி வராத தெருவுக்கு வகுப்பு எடுக்க மட்டும் வந்துர்றீங்க சார்." அன்றைக்குத்தான் உறைத்தது. அப்புறம் பத்து நாள், அதிகாலையிலும் இரவிலும் ஆள் மாற்றி ஆள், யார் எதைக் கொண்டுவந்து கொட்டுகிறார்கள் என்று எழுதினோம். பெயர் எழுதவில்லை, எந்தத் தெரு, என்ன பொருள், எத்தனை மணி, அவ்வளவுதான். குப்பை மூன்று வழியாக வந்தது. ஊராட்சியின் குப்பை வண்டி நுழைய முடியாத இரண்டு குறுகலான தெருக்களிலிருந்து வீட்டுக் குப்பை. இரவு பத்து மணிக்கு மேல் கோழிக் கடைக் கழிவு, அதுவும் ஞாயிற்றுக்கிழமைதான் மூட்டை மூட்டையாக. முகூர்த்த நாளுக்கு மறுநாள் மண்டபத்து இலையும் தட்டும் தண்ணீர்க் குவளையும்.

இந்த மூன்றுக்கும் ஒரே மருந்து கிடையாது. தெருக்காரர்களுக்கு வேண்டியது ஊராட்சியின் துப்புரவுப் பணியாளரான தூய்மைக் காவலர் ஒருவர் காலையில் தள்ளுவண்டியோடு தெருமுனைக்கு வருவது. ஊராட்சியில் பேசி அது நடந்தபோது பாதிக் குப்பை தானாக நின்றுவிட்டது, யாருக்கும் ஒரு வார்த்தை சொற்பொழிவு தேவைப்படவில்லை. ஊர்க் குப்பையை அகற்றுவது ஊராட்சியின் வேலைதான், ஆகவே நீங்கள் சலுகை கேட்கப் போவதாக நினைத்துத் தயங்க வேண்டாம். மண்டபத்துக்காரர் ஒரு கடிதத்துக்கே வழிக்கு வந்தார். கோழிக் கடை விஷயம்தான் இன்று வரை முழுதாகத் தீரவில்லை, ஒரு கடை நிறுத்தினால் பக்கத்து ஊர்க் கடைக்காரர் வந்து கொட்டுகிறார்.

விழிப்புணர்வு பற்றி இன்னும் ஒன்று. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிக் கொள்ளுக்குடிப்பட்டி என்ற ஊர் இருக்கிறது. கண்மாய் மரங்களில் கூடு கட்டும் பறவைகள் மிரளும் என்பதற்காக அங்கே தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள், பல தலைமுறையாக அப்படித்தான். சரணாலயம் என்று அரசு அறிவித்தது 1977இல். ஊர்க்கட்டுப்பாடு அதற்கும் முந்தியது. அந்த ஊரில் போய் நான் என்ன விழிப்புணர்வு ஊட்டுவது? ஒவ்வொரு ஊரிலும் இந்த மாதிரி ஏதோ ஒரு பழக்கம், ஏதோ ஒரு நினைவு மிச்சமிருக்கும். ஏரியில் எந்த மாதம் எந்த மடை திறப்பார்கள், கோடையில் மீன்பிடித் திருவிழா எப்போது நின்றது, கரையில் எந்தச் சாமி என்று பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். நீங்கள் சொல்ல வந்ததைவிட அவர்கள் சொல்வது அதிகமாக இருக்கும், கேட்கிற பிள்ளைகள் என்ற பெயரும் உங்களுக்குக் கிடைக்கும்.

எங்கள் தவறுகளையும் சொல்லிவிடுகிறேன். குப்பை கொட்டிய ஒருவரைப் படம் எடுத்து எங்கள் குழுவில் ஒரு பையன் ஊர் வாட்சப்பில் போட்டுவிட்டான். கொட்டியவர் அடங்கினார்தான், ஆனால் அவருடைய பங்காளிகள் இருபது வீடு எங்களோடு இரண்டு வருடம் பேசவில்லை. அந்தத் தெருவில்தான் எங்களுக்கு ஆள் பலமே தேவைப்பட்டது. இன்னொன்று மரம் நடுதல். மே மாதம் கண்மாய்க்குள் தண்ணீர் வற்றிய நிலத்தில் இருநூறு வேப்பங்கன்று நட்டோம், பெரிய மனிதர்கள் வந்து ஒவ்வொரு குழியிலும் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். நவம்பரில் தண்ணீர் ஏறியதும் அத்தனையும் அழுகிப் போயிற்று. வேம்புக்கு வேரில் தண்ணீர் கட்டினால் ஆகாது, அது அறிவியல் ஆசிரியனான எனக்கே தெரிந்திருக்க வேண்டும். அதைவிட, அது மரம் வைக்கிற இடமே கிடையாது, தண்ணீர் நிற்கிற இடம். வாத்தியார் காட்டை வளர்க்கப் போய்க் கண்மாயை மேடாக்கப் பார்த்தார் என்று டீக்கடையில் சொன்னார்கள், தப்பில்லை.

பள்ளிக்குப் போகலாமா என்றால் தாராளமாகப் போங்கள், ஆனால் ஓவியப் போட்டி வைக்காதீர்கள். "நீரின்றி அமையாது உலகு" என்று எழுதி ஒரு குழாயும் ஒரு சொட்டும் வரைந்து தருவார்கள், பரிசு கொடுத்துவிட்டு வருவீர்கள். அதற்குப் பதில் பிள்ளைகளை வரத்துக்காலில் நடக்க வையுங்கள். ஏரிக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறதோ அந்தக் கால்வாய் வழியே, ஏரியிலிருந்து மேல்நோக்கி, கிராம வரைபடத்தின் நகலைக் கையில் கொடுத்து. எங்கள் கண்மாய் ஐந்து வருடமாக நிரம்பவில்லை, மழை இல்லை என்றுதான் எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முப்பது பேர் ஒரு சனிக்கிழமை இரண்டரை கிலோமீட்டர் நடந்தார்கள். வரைபடத்தில் அகலமாக இருந்த கால்வாய், ஒரு மனைப்பிரிவுக்குப் போகும் சாலைக்கு அடியில் ஒரு அடிக் குழாயாகச் சுருங்கிக் கிடந்தது, அதிலும் பாதி மண். ஒரு பையன் குழாய்க்குள் கையை விட்டு அளந்தான். அந்தப் பிள்ளைகள் வீட்டில் போய்ச் சொன்ன பிறகுதான் பெற்றோர் வந்து பார்த்தார்கள், நான் பத்து வருடம் பேசியும் வராதவர்கள். அடுத்த கிராம சபையில் அந்தக் குழாயைப் பற்றி எழுந்து பேசியது நான் இல்லை, ஒரு பிள்ளையின் தாத்தா, ஒருகாலத்தில் மடை திறந்து வயல்களுக்குத் தண்ணீர் பிரித்துவிட்ட நீர்க்கட்டி. அங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு விடை இருக்கிறது. பேசுவது அவராக இருந்தால் ஊர் கேட்கும்.

சரி, காகித வேலைக்கு வருவோம். இது சலிப்பான பகுதி, ஆனால் இதைச் செய்யாத குழு எதுவும் இரண்டாவது வருடத்தைத் தாண்டி நான் பார்த்ததில்லை. ஏரியின் புல எண்ணைக் கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். எண் கிடைத்தால் வருவாய்த் துறையின் இணையச் சேவையில் அ-பதிவேட்டு விவரமும் (எந்த நிலம் என்ன வகை என்று எழுதிய பதிவேடு) புலப்படமும் (அந்தப் புல எண்ணின் அளவு வரைபடம்) எடுத்துக்கொள்ளலாம். ஏரி என்ன பரப்பு, வாய்க்கால் தனிப் புல எண்ணில் இருக்கிறதா, எந்த இடம் புறம்போக்கு, எது பட்டா என்பதெல்லாம் அதிலிருந்துதான் தெரியும். அடுத்து, ஏரி யாருடையது என்று பாருங்கள். பொதுவாக நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீரில் பாயும் நிலம், இருந்தால் நீர்வளத் துறை, அதற்குக் குறைவென்றால் ஊராட்சி ஒன்றியம். இது தெரியாமல் தவறான அலுவலகத்துக்கு மனு மேல் மனு கொடுத்துக் காலத்தைக் கழித்த குழுக்கள் நிறைய. தமிழ்நாட்டில் ஏறத்தாழ 39 ஆயிரம் ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன. உங்கள் ஏரியின் பெயரைச் சொன்னதும் எந்த அலுவலருக்கும் அது நினைவுக்கு வந்துவிடாது, எண்ணோடு போக வேண்டும்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுவதென்றால் பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இதில் எல்லாரும் செய்யும் பிழை "ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை" என்று கேட்பது. ஏன் என்பதற்குச் சட்டத்தில் பதில் கிடையாது. கோப்பில் இருப்பதன் நகலைத்தான் கேட்க முடியும். "கடந்த ஐந்து ஆண்டுகளில் இந்த ஏரிக்குச் செலவிடப்பட்ட தொகை, பணி விவரம், அளவைப் புத்தகத்தின் நகல்" என்று கேளுங்கள். செய்த வேலையை அளந்து எழுதி வைப்பதுதான் அளவைப் புத்தகம். பதில் வந்த பிறகு ஏன் என்ற கேள்வியை ஊரே கேட்கும்.

கிராம சபை வருடத்தில் ஆறு நாள் கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. உங்கள் பன்னிரண்டு பேரும் மாதக் கணக்கில் வராவிட்டாலும் பரவாயில்லை, இந்த ஆறு நாளும் ஊரில் இருங்கள். வாயால் பேசிவிட்டு வந்துவிடக் கூடாது. தீர்மானம் எழுத்தில் பதிவாகி எண் விழுந்ததா என்று பார்த்து, நகல் கேட்டு வாங்க வேண்டும். நீர்நிலை ஆக்கிரமிப்பு என்றால் உங்கள் கையில் சட்டமும் இருக்கிறது. 2011 ஜனவரியில் ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், ஊர்ப் பொது நிலங்களில் உள்ள சட்டவிரோத ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்குமாறு எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஆனால் அதை எடுத்தவுடன் வீசாதீர்கள். ஏரி ஓரத்தில் குடிசை போட்டிருப்பவருக்கும் வரத்துக்காலை மறித்து மனை விற்பவருக்கும் வித்தியாசம் இருக்கிறது, சட்டம் பெரும்பாலும் முதலாமவர் மேல்தான் முதலில் பாய்கிறது. குடிசையை அகற்றும் வேலைக்கு நான் துணை போக மாட்டேன்.

அப்புறம் குறிப்பேடு. மாதம் ஒருமுறை வருகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை இல்லை. ஒவ்வொரு வருகையிலும் ஒரே நான்கு இடங்களில் நின்று ஒரே திசையில் படம் எடுங்கள், நீர்மட்டத்தைக் கலுங்குக் கல்லை (ஏரி நிரம்பினால் உபரி நீர் வழியும் இடத்துக் கல்) வைத்துக் குறியுங்கள், பறவைகளை எண்ணுங்கள். பறவை தெரியாதே என்று பயப்பட வேண்டாம், பொங்கலையொட்டி ஒவ்வொரு வருடமும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது, புதியவர்களை அன்போடு சேர்த்துக்கொள்வார்கள். முக்குளிப்பான், தாழைக்கோழி, நத்தைக்குத்தி நாரை என்று பத்துப் பெயரில் தொடங்கலாம். இதனால் என்ன லாபம் என்று கேட்டால் இரண்டு இடங்களைச் சொல்வேன். திருப்பூரில் நஞ்சராயன் குளம். சாயக் கழிவுக்குப் பெயர் வாங்கிய ஊரில் இருக்கும் குளம் அது. உள்ளூர்ப் பறவை ஆர்வலர்கள் வருடக்கணக்காக எழுதி வைத்த பட்டியல் இருந்தது. 2022இல் அது தமிழ்நாட்டின் 17ஆவது பறவைகள் சரணாலயம் ஆனது, 2024 ஆகஸ்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலிலும் ஏறியது.

இரண்டாவது எங்களுக்குப் பக்கம், மதுரை மாவட்டம் மேலூர் அருகே அரிட்டாபட்டி. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தார்கள், மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193 ஹெக்டேர் சொச்சம். ஏறத்தாழ 250 பறவை இனங்கள், லகர் வல்லூறு உட்பட. சமணர் படுகை, தமிழி என்ற பழைய எழுத்தில் உள்ள கல்வெட்டு, குடைவரைக் கோயில், சுனைகள், கண்மாய்கள் எல்லாம் அந்த அறிவிப்பில் உண்டு. இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அந்தப் பகுதியைச் சேர்த்து டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்ட செய்தி வந்தது. கிராம சபைகளில் தீர்மானம், டிசம்பர் 9 அன்று சட்டமன்றத் தீர்மானம், ஜனவரியில் மதுரையை நோக்கி ஆயிரக்கணக்கானவர்கள் பேரணி. 2025 ஜனவரி 23 அன்று ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது. மக்கள் திரண்டதுதான் முதல் காரணம், அதில் சந்தேகம் இல்லை. கட்சிகள், தேர்தல் கணக்கு எல்லாம் கூடவே இருந்தன, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் எது அழியப் போகிறது என்று கேட்ட அன்றைக்கே, பறவை இது, கல்வெட்டு இது, சுனை இது என்று எடுத்து வைக்க ஆவணம் இருந்ததே, அது போராட்டம் தொடங்கிய பிறகு உட்கார்ந்து எழுதியது இல்லை.

இனி எனக்கு நிச்சயமானதும் சந்தேகமானதும். தன்னார்வக் குழுக்கள் முதல் காரியமாக டிடிஎஸ் கருவி ஒன்றை வாங்கிவிடுகிறார்கள். அது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பின் அளவைத்தான் ஏறக்குறையச் சொல்லும். சாக்கடை கலந்ததா என்று சொல்லாது. குடிநீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது, வேறு வழியில்லை என்றால் 2000 வரை என்கிறது இந்தியத் தர நிர்ணயம். எண் 300 என்று காட்டும் ஏரியில் கழிவுநீர் தாராளமாகக் கலந்திருக்கலாம். அதற்குக் கரைந்த ஆக்சிஜன், உயிர்வேதி ஆக்சிஜன் தேவை (கழிவைச் சிதைக்க நுண்ணுயிர்களுக்கு வேண்டிய ஆக்சிஜன்), கோலிஃபார்ம் பாக்டீரியா இவற்றை ஆய்வகத்தில்தான் பார்க்க வேண்டும். இது நிச்சயம். அதே போல் பறவை எண்ணிக்கை கூடினால் ஏரி நலமாகிவிட்டது என்று சொல்லக் கூடாது, நெடுங்கால் உள்ளான் கழிவுநீர்க் குட்டையிலும் கூட்டமாக நிற்கும்.

சீமைக்கருவேலம் பரவும் அந்நியத் தாவரம், நீர்ப்பரப்பை அடைக்கிறது, வெட்டினால் மட்டும் போதாது, அடித்தூரிலிருந்து மறுபடி தழைக்கும், இவையும் நிச்சயம். ஆனால் ஒரு மரம் ஒரு நாளைக்கு இத்தனை லிட்டர் நிலத்தடி நீரைக் குடிக்கிறது, காற்றின் ஈரத்தையும் உறிஞ்சுகிறது என்று சுற்றிவரும் கணக்குகளை நான் நம்புவதில்லை, பிள்ளைகளுக்குச் சொல்லித் தரவும் மாட்டேன். எடுப்பதானாலும் கூடு இருக்கும் மாதங்களில் கை வைக்காதீர்கள், கொக்கும் நாரையும் வேறு மரம் இல்லாததால் அதில்தான் கட்டியிருக்கும். கரையில் பனை விதை நடுவதில் எனக்குப் பயம் இல்லை, காலங்காலமாகக் கரையில் நின்ற மரம். மற்ற பெரிய மரங்களைக் கரையில் வைப்பதில் பொறியாளர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை, வேர் மண்கரையைப் பிடிக்கும் என்கிறார் ஒருவர், பட்டுப்போனால் வேர்ப் பொந்து வழியாகக் கரை கசியும் என்கிறார் இன்னொருவர். கேட்டுவிட்டு நடுங்கள். ஏரியை அழகுபடுத்துகிறோம் என்று யாராவது நன்கொடையோடு வந்து, சுற்றிலும் கான்கிரீட் நடைபாதை, நடுவில் எல்லா இடமும் ஒரே ஆழமாகத் தோண்டிய கிண்ணம் என்று வரைபடம் காட்டினால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஓரத்து ஆழமில்லாத சேற்றில்தான் உள்ளானும் நாரையும் மேயும், மீன் குஞ்சும் அங்கேதான் வளரும், ஆடுமாடு இறங்கித் தண்ணீர் குடிப்பதும் அந்தச் சரிவில்தான்.

ஒரு எச்சரிக்கை, இதை மட்டும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். கரூர் மாவட்டம் குளித்தலை அருகே முதலைப்பட்டியில் ஏரி ஆக்கிரமிப்பை எதிர்த்து வழக்கு நடத்திய தந்தையும் மகனும் 2019 ஜூலையில் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். புதுக்கோட்டை திருமயம் அருகே சட்டவிரோதக் கல்குவாரிகளைப் பற்றிப் புகார் கொடுத்துவந்த ஜகபர் அலி 2025 ஜனவரியில் லாரி மோதிக் கொல்லப்பட்டார். குப்பை, தூர்வாரல், பறவை வரைக்கும் நீங்கள் ஊர்ப் பிள்ளைகள். மண், மனை என்று போனால் பணம் புழங்கும் இடம். இரவில் டிராக்டரை மறிக்கப் போகாதீர்கள், வண்டி எண்ணைக் குறிக்கக்கூடத் தனியாகப் போகாதீர்கள். புகார் ஒருவர் பெயரில் போகக் கூடாது, கிராம சபைத் தீர்மானமாகவோ ஐம்பது கையெழுத்தாகவோ போகட்டும். பள்ளிப் பிள்ளைகளை அதன் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

பன்னிரண்டு பேர் என்கிறீர்கள், தம்பி. இரண்டு வருடத்தில் நான்கு பேர் மிஞ்சினால் அதிர்ஷ்டம், கல்யாணம், வெளிநாடு, இடமாற்றம் என்று போய்விடுவார்கள், அதற்காகச் சண்டை போடாதீர்கள். இப்போதே ஊரிலேயே இருக்கிற மூன்று பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏரியில் மீன் குத்தகை எடுத்தவர் ஒருவர், தினமும் கரையில் இருப்பவர் அவர்தான், மீன் செத்து மிதந்தால் முதலில் தெரிவதும் அவருக்குத்தான். ஆடு மேய்க்கும் ஒருவர். மகளிர் குழுவில் ஒருவர், வாய்ப்பிருந்தால் தூய்மைக் காவலராக வேலை செய்பவரே. அவர்களுக்குச் சீருடைச் சட்டையோ அடையாள அட்டையோ வேண்டாம், உங்கள் எண்ணைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

அடுத்த முறை போகும்போது குப்பை பொறுக்காமல், காலையில் கொட்டும் இடத்தில் நின்று எழுதுங்கள், மறுநாள் வரத்துக்காலில் நடந்துவிடுங்கள். மழைக்கு முன்னால் நடந்தால்தான் கால்வாய்ப் படுகை தெரியும். புல எண் கிடைத்ததும் இங்கேயே எழுதுங்கள், புலப்படம் முதல் தடவை பார்க்கும்போது எல்லாரையும் குழப்பும், சேர்ந்து படித்துப் பார்க்கலாம்.